இறவாரத்துக்கு எந்தப் பலகை

ஹில்க்கா ரன்தலாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். கனடாவில் தண்டர் பே ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய கைகள் அவை. பனி உறைந்த மேடுகளில், பின்னால் பிள்ளைகள் கூச்சலும் கும்மாளமுமாக இருக்க, அந்தப் பெரிய ஸ்டீயரிங்கை வருஷக்கணக்கில் பிடித்துத் திருப்பிய கைகள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழாமல் வீடு சேர்த்தவள் என்று ஊரில் அவளுக்குப் பேர். ஓய்வு பெற்றதுதான் தாமதம், கைகள் பழி வாங்கத் தொடங்கிவிட்டன. மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது. மாத்திரை வயிற்றைக் கெடுத்தது. களிம்பு போர்வையைக் கெடுத்தது. கேட்டது ஒரே ஒரு மருந்துதான்: சனிக்கிழமை சாயங்காலச் சவுனா, அதாவது ஃபின்லாந்துக்காரர்களின் ஆவிக்குளியல்.

கார் ஷெட்டின் பின்பாதியை மரத்தடுப்பு போட்டுப் பிரித்து, அவள் புருஷன் ஓர்வோ கட்டிய சின்ன அறை அது. விறகடுப்பின் மேல் கற்கள் நன்றாகக் காய்ந்ததும் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால், ஆவி குப்பென்று எழுந்து முகத்தில் அறையும். அந்தச் சூட்டில் உட்கார்ந்தால் ஹில்க்காவின் விரல்கள் ஒவ்வொன்றாக அவிழும். அவிழ்ந்தது வாரத்தின் நடுப்பகுதிவரை தாங்கும். பிறகு மெல்ல இறுகும். இறுகி முடிவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்து காப்பாற்றிவிடும். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது அவள் பிழைப்பு.

அதில் மண் விழுந்தது ஒரு அக்டோபர் மாதக் காலையில். சரியாகச் சொன்னால், பலகை விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சில்வியோ இத்தாலிக்காரர். கொத்து வேலை செய்து ஓய்ந்தவர். அக்டோபர் வந்தால் லாரியில் திராட்சை வரவழைத்து வீட்டிலேயே ஒயின் போடுவார். அன்றைக்குப் பெட்டி பெட்டியாகத் திராட்சையை வேலியோரம் அடுக்கி வைத்திருந்தார். ரன்தலா வீட்டு ஷெட்டின் கூரை சுவரைத் தாண்டி வேலிப் பக்கம் நீண்டிருக்கும். அந்த இறவாரத்தின் அடியில் அடித்திருந்த பலகை உக்கிப்போய், ஒரு முழ நீளத்துக்குப் பிய்ந்து, நேரே திராட்சைப் பெட்டியில் போய் விழுந்தது. சில்வியோ அதை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறைக் கதவைத் தட்டினார்.

"ஹில்க்கா, உங்க கூரைக்கு என் ஒயின் மேல ஆசை வந்துருச்சு போல. இப்பவே வந்து குதிச்சிருச்சு."

ஓர்வோ நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒரு பலகைதானே, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஓர்வோவுக்கு எல்லாமே வசந்தத்தில்தான். ஒழுகும் குழாய், கிறீச்சிடும் கதவு, தலைமுடி வெட்டிக்கொள்வது, எல்லாம். அவர் தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் அந்த ஒரு வசந்தம் செய்ய வேண்டியிருந்தால், அதற்குப் பூப்பூக்க நேரமே இருந்திருக்காது.

ஹில்க்கா அவரை நம்பிக் காத்திருக்கவில்லை. ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, முக்காலி போட்டு ஏறி, மிச்சமிருந்த பலகையில் குத்திப் பார்த்தாள். திருப்புளி பிடிவரைக்கும் உள்ளே போனது. அடுத்த பலகையிலும் அப்படியே.

ஓர்வோவின் அக்கா மகன் கலேவி வீடு கட்டுகிற தொழில் செய்பவன். கூப்பிட்டதும் வந்தான், ஆனால் எஞ்சினை அணைக்காமலே இறங்கினான். வண்டி நிறைய மூஸ் மான் வேட்டைச் சாமான். அந்தப் பருவத்தில் அந்த ஊர் ஆண்பிள்ளைகளைப் பிடித்து வைக்கச் சட்டத்தாலும் முடியாது. அண்ணாந்து பார்த்தான், தட்டினான், உதட்டைப் பிதுக்கினான். பலகை பெரிய விஷயமில்லையாம். பலகைக்கு மேலே கூரையைத் தாங்கும் சட்டங்களின் நுனிகள் இருக்கின்றன. கூரை ஒழுகி அவையும் உக்கியிருந்தால், ஷெட்டையே பிரிக்க வேண்டி வரும். பிரித்துவிட்டால் மறுபடி அதே இடத்தில் கட்ட நகராட்சி விடாது. வேலியிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும் என்று இப்போது விதி. தள்ளிக் கட்ட இவர்களிடம் இடம் ஏது? கையை நீட்டினால் சில்வியோவின் தக்காளியைப் பறிக்கலாம், அவ்வளவு நெருக்கம்.

"அப்போ சவுனா?" என்றாள் ஹில்க்கா.

"ஷெட்டு போனா சவுனாவும் போகும், அத்தை. நான் வேட்டை முடிஞ்சு வந்து திறந்து பாக்கறேன். அதுவரைக்கும் சவுனா அடுப்ப மூட்டாதீங்க. அடுப்புக் குழாய் பக்கத்துல இப்படி உக்கின கட்டைய வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு?" வண்டியில் ஏறியவன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். இருக்கறதுக்கு மேலயே அலுமினியத் தகடு அடிச்சு மூடிரலாம். வெளிய யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றாள் ஹில்க்கா.

அவன் போய்விட்டான். சனிக்கிழமைகள் வந்தன, சும்மா போயின. தோழி ரைலி தன் வீட்டுச் சவுனாவுக்கு அழைத்தாள். ஹில்க்காவும் ஒரு தடவை போனாள். ரைலியின் புருஷனுக்கு இதயக் கோளாறு. அதனால் அவர்கள் வீட்டில் மின்சார அடுப்பைச் சும்மா பேருக்கு வைப்பார்கள். திரும்பி வந்த ஹில்க்கா, அது சவுனா இல்லை, துணி காயவைக்கிற அலமாரி என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். கைகள் இறுகிக்கொண்டே வந்தன. சட்டைப் பொத்தானை ஓர்வோ போட்டுவிட வேண்டியதாயிற்று. காலையில் காப்பித்தூள் ஜாடியின் மூடியையும் அவர்தான் திறந்தார். ஒரு வார்த்தை பேசாமல் திறந்து, அவள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவார். அவர் குத்திக்காட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், திருப்பிக் கொடுத்திருக்கலாம். அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கண்டபடி ஓடும் என்று, மரக்கடைக்குக் கிளம்பினாள். கூரைச் சட்டம் உக்காமல் பிழைத்திருந்தால் கலேவி வந்த கையோடு புதுப் பலகை அடித்தாக வேண்டும். பனி கொட்டத் தொடங்கிவிட்டால் அப்புறம் ஒன்றும் நடக்காது. ஆக, எதை அடிப்பது என்று இப்போதே முடிவு செய்வது நல்லது. அப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில், பலகை தேர்ந்தெடுத்தால் ஷெட் நிற்கும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

அந்த விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. ஓர்வோ காகித ஆலையில் மரக்கட்டைகளோடு காலம் தள்ளியவர். அவருக்குத் தேவதாரு மரம்தான், வேறு பேச்சே கிடையாது. தன் கூரையில் பிளாஸ்டிக் ஏறினால் தான் இறங்கி நடந்துவிடுவேன் என்றார். சில்வியோவுக்குச் சிமெண்ட் நார்ப்பலகை. கரையான் தின்னாது, நெருப்புப் பிடிக்காது, பேரன் காலத்துக்கும் நிற்கும் என்று வேலி மேல் சாய்ந்து பிரசங்கம் செய்தார். கலேவிக்கு அலுமினியம். கடைக்காரருக்கோ பிளாஸ்டிக். அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்களாம். எல்லோரும் வாங்குவதை வாங்குகிற பழக்கம் ஹில்க்காவுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. நான்கிலும் ஒவ்வொரு துண்டு மாதிரி கேட்டு வாங்கி, பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள்.

சமையலறை மேஜையில் நான்கையும் பரப்பி வைத்தாள். ஓர்வோ தேவதாருத் துண்டை எடுத்து, அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியை மோப்பம் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஹில்க்கா நான்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்து என்ன தெரியும்? ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் அவள் நம்பியதில்லை. வேலைக்குச் சேர்ந்த காலத்தில், புது பஸ்ஸை மேலாளர் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருக்க, இவள் அதை நேரே ஊரின் மோசமான மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்த்தவள். பலகைக்கு மோசமான மேடு எது? ஈரமும் சூடும்தான். அவை இரண்டும் ஒன்றாக இருக்கிற இடம் அவள் வீட்டிலேயே இருந்தது.

அன்று சனிக்கிழமையாக அமைந்தது தற்செயல் என்று அவள் பிற்பாடு சாதித்தாள். யாரும் நம்பவில்லை.

"சவுனாவ மூட்டு, ஓர்வோ," என்றாள்.

"கலேவி மூட்டாதேன்னு சொன்னானே."

"குளிக்க மூட்டாதேன்னான். நான் பலகைக்கு மூட்டச் சொல்றேன். பலகை குளிக்கட்டும், நாம சும்மா கூட இருந்து பாத்துக்குவோம்."

ஓர்வோ வாதாடுவார் என்று நினைத்தாள். அவரோ ஜாக்கிரதைக்கு இரண்டு வாளித் தண்ணீரைக் கதவோரம் வைத்துவிட்டு, விறகெடுக்கப் போனார். வசந்தத்துக்குக் காத்திருக்கிற மனுஷன் அவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததில்லை.

நான்கு துண்டுகளையும் உள்ளே உட்காருகிற மேல் பலகைக்கு நேரே, காற்றுப் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். அடுப்பு பிடித்தது. கற்கள் காய்ந்தன. காவல் காக்க என்ற பேரில் இருவரும் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். முதல் கரண்டித் தண்ணீர் விட்டதும் ஆவி வந்து தோளில் விழுந்தது. ஹில்க்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பிறந்து வளர்ந்தது மரம்வெட்டிகளின் முகாமில். அம்மா அங்கே சமையல்காரி. எந்தக் காட்டுக்குப் போனாலும் அவர்கள் முதலில் கட்டுவது சவுனா, அதற்கப்புறம்தான் படுக்க இடம். இது இல்லாமல் கிழவியாவது எப்படி என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இதுதான் கடைசித் தடவையோ என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது பிளாஸ்டிக் துண்டு தலையைத் தொங்கப் போட்டிருந்தது. "உன் கடைக்காரன் பலகை தூங்கிருச்சு," என்றார் ஓர்வோ, மனசு குளிர்ந்துபோய். தேவதாரு அறை முழுக்க வாசனை பரப்பிக்கொண்டு லேசாக வளைந்திருந்தது. சிமெண்ட் துண்டு எருமை மாதிரி அசையாமல் தொங்கியது. அலுமினியத்தில் மட்டும் வியர்வை முத்து முத்தாகப் பூத்திருந்தது. அதுவும் எல்லாப் பக்கமும் இல்லை. ஓட்டையைப் பார்த்த பக்கத்தில்தான் அவ்வளவும். ஹில்க்கா உற்றுப் பார்த்தாள். கல்லிலிருந்து எழுந்த ஆவி கூரையைத் தடவி, தகட்டை உரசிக்கொண்டு, நேரே அந்த ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஓர்வோ, இந்த ஓட்டை எங்க போகுது?"

"வெளிய."

"வெளியன்னா எங்க?"

ஓர்வோ கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம்.

கடைசியில் மெல்ல மெல்ல வந்தது உண்மை. கட்டும்போது ஓட்டையைச் சுவர் வழியே வெளியில் விட்டிருக்க வேண்டும். ஆனால் வெளிச்சுவரில் ஓட்டை போட்டால் குளிர்காற்று நேரே உள்ளே அடிக்கும், கொளுத்துகிற விறகெல்லாம் வீண் என்று ஓர்வோ கணக்குப் போட்டிருக்கிறார். அதனால் கமுக்கமாக மேலே திருப்பி, இறவாரப் பலகைக்கு மேலிருக்கும் இடுக்கில் விட்டிருக்கிறார். காற்றும் அடிக்காது, பார்க்கவும் அசிங்கமில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! சூட்டை ஒரு துளி விடாமல் கட்டிக் காக்கத் தெரிந்த ஒரு ஃபின்லாந்துக்காரனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். ஆக, இத்தனை வருஷமாக அவர்கள் குளித்த ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடவே இறவாரமும் குளித்திருக்கிறது.

ஹில்க்காவுக்கு அவரைத் திட்ட வாய் வந்துவிட்டது. ஆனால் பாதியில் நின்றது. குளித்து முடித்ததும் அறை உலரட்டும் என்று அந்த ஓட்டையின் மூடியை அகலமாகத் திறந்து வைப்பது யார்? அவளேதான். அம்மா முகாமில் அப்படித்தான் செய்வாள் என்று, ஒரு வாரம் தவறாமல் செய்திருக்கிறாள். பாதிப் பாவம் அவள் பங்கு. திட்டை விழுங்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. துண்டோடு எழுந்து, ஓர்வோவின் கோட்டை மாட்டிக்கொண்டு, வெறுங்காலைப் பூட்ஸுக்குள் நுழைத்து, டார்ச் விளக்கோடு வெளியே ஓடினாள். இருட்டத் தொடங்கியிருந்தது. வேலிப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தாள். பலகை பிய்ந்த இடுக்கிலிருந்து வெள்ளை ஆவி சாவகாசமாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் ஒயின் பீப்பாய்களுக்கு நடுவே நின்ற சில்வியோ அவள் கோலத்தையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹில்க்கா, வீடு எரியுதா, இல்ல நீங்களா?"

அவள் சிரித்தாள். பல வாரங்களில் முதல் சிரிப்பு. ஈரம் உள்ளிருந்து வந்திருந்தால், கூரை ஒழுகவில்லை. கூரை ஒழுகாவிட்டால் ஷெட் முழுக்க உக்கியிருக்க வழியில்லை. ஷெட்டைச் சுற்றி வந்து, முன்பக்கமும் மறுபக்கமும் திருப்புளியால் குத்திப் பார்த்தாள். எங்கேயும் உள்ளே போகவில்லை. ஆனாலும் வேலிப் பக்கத்துச் சட்ட நுனிகளைக் கண்ணால் பார்க்காதவரை பாதி உயிர்தான்.

கலேவி மூஸ் எதுவும் சுடாமல், தாடி மட்டும் வளர்த்துக்கொண்டு திரும்பி வந்தான். கோபத்தை உக்கின பலகை மேல் காட்டினான். ஒரு காலைப் பொழுதில் அவ்வளவையும் பிய்த்துத் தள்ளிவிட்டான். வேடிக்கை பார்க்க சில்வியோவும் உட்கார ஒரு காலித் திராட்சைப் பெட்டியோடு வந்துவிட்டார். சட்ட நுனிகள் வெளியே தெரிந்தன. கருத்துப் போயிருந்தன. அதைப் பார்த்ததும் ஓர்வோவின் முகமும் கருத்தது. கலேவி திருப்புளியை எடுத்தான்.

"குடு," என்றாள் ஹில்க்கா. ஏணியில் அவளே ஏறினாள்.

விரல்கள் சரியாக மடங்கவில்லை. திருப்புளியை உள்ளங்கையால் அழுத்தித்தான் குத்த முடிந்தது. முதல் சட்டத்தில் இறங்கவில்லை. அழுக்குதான் கறுப்பு, உள்ளே மரம் மரமாகவே இருந்தது. அடுத்ததிலும் இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும். ஓட்டைக்கு நேர் மேலே இருந்த சட்டத்தில் மட்டும் திருப்புளி நகக்கண் ஆழம் போய், அங்கேயே முட்டி நின்றது. கலேவி எட்டிப் பார்த்தான்.

"இது ஒண்ணுதான், அத்தை. பக்கத்துல ஒரு கட்டையச் சேத்து முடுக்கிட்டா போதும். ஷெட்டு எங்கயும் போகல."

ஹில்க்கா இறங்கி வந்து சில்வியோவின் காலித் திராட்சைப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். ஆண்கள் மூன்று பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள். அவள் யாருக்காகவும் அழுகையை நிறுத்தவில்லை. அப்பாடா என்று ஆன பிறகு வருகிற அழுகையை எதற்கு அடக்க வேண்டும்?

அழுது முடித்து முகத்தைத் துடைத்ததும் பலகைப் பேச்சு தொடங்கியது. மூன்று கட்சியும் மறுபடி வாயைத் திறந்தன. சிமெண்ட் நல்லதுதான், ஆனால் அந்தக் கனத்தை அந்தக் குறுகிய சந்தில் தலைக்கு மேல் யார் தூக்கிப் பிடிப்பது? பிளாஸ்டிக் தூங்கியதை அவளே கண்ணால் பார்த்தாள். ஓர்வோ மட்டும் விடவில்லை. ஆவி வெளியே போக வழி செய்துவிட்டால் மரம் உக்காது, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் பூசினால் போதும் என்றார்.

"யாரு பூசறது?"

"நான்தான்."

"அந்தச் சந்துல ஏணி சரியா நிக்காது. நீ விழுந்தா உன்னப் பிடிக்க என் கை மூடாது, ஓர்வோ."

ஓர்வோ கையிலிருந்த தேவதாருத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலிப் பக்கத்துக்கு அலுமினியத் தகடு என்று முடிவாயிற்று. உக்கினதை மூடுகிற தகடு இல்லை, எல்லாம் பிய்த்துச் சுத்தம் செய்த இடத்தில், காற்றுப் போகச் சின்னச் சின்னத் துளை போட்ட தகடு. சவுனாவின் ஓட்டையைக் குழாய் வைத்துப் பின்சுவர் வழியே வெளியில் விட்டு, காற்று திருப்பி அடிக்காமல் ஒரு மூடியும் வைக்கச் சொன்னாள். கலேவி அதைக் குறித்துக்கொண்டிருக்கும்போது ஓர்வோவின் முகத்தைப் பார்த்தாள். தேவதாருத் துண்டு இன்னும் அவர் சட்டைப் பையில் இருந்தது. முன்பக்கத்து இறவாரம் கெட்டுப்போகவில்லை, மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் அதற்குத் தேவதாரு அடி என்றாள். அங்கே தரை சமம், ஏணி நிற்கும், தெருவில் போகிறவர்களும் பார்ப்பார்கள். ஓர்வோ போய் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

தகடு ஏறியதும் சில்வியோ பார்த்துவிட்டு, ஷெட்டுக்குச் சாப்பாட்டு டப்பா வேஷம் போட்டிருக்கிறீர்கள் என்றார். தன் சிமெண்டை ஒதுக்கிவிட்டார்கள் என்ற வருத்தம் அவருக்கு. அப்படி ஒன்றும் வீணாகவில்லை. அந்தத் துண்டு ஹில்க்காவின் மேஜையில் சூடான பாத்திரம் இறக்கி வைக்கிற பலகையாக இன்றைக்கும் இருக்கிறது. அதை அவரிடம் காட்டியபோது, பேரன் காலத்துக்கும் நிற்கும் என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

முதல் பனி விழுந்த சனிக்கிழமை சவுனா மூட்டினார்கள். பின்சுவர்க் குழாயிலிருந்து ஆவி ஒழுங்காகத் தோட்டத்துப் பக்கம் போனது. ஹில்க்கா உள்ளே போய் வந்து, வேலிப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாள். தகட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மறுபடி உள்ளே போய், அடுப்பு அணைகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஓர்வோ வழக்கம்போலக் காப்பித்தூள் ஜாடியை எடுத்து மூடியில் கை வைத்தார். ஹில்க்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு திருகு திருகித் திறந்தாள். திறந்ததை மறுபடி இறுக்கி மூடி, இன்னொரு தடவை திறந்தாள். ஓர்வோ பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்போ இனிமே எனக்கு இந்த வீட்ல வேலையில்ல," என்றார்.

"இருக்கு. வசந்தத்துல முன்பக்கப் பலகைக்கு எண்ணெய் பூசணும். நான் ஏர்றேன், நீ ஏணியப் பிடிச்சுக்க."

வசந்தத்தில் என்று அந்த வீட்டில் அவள் ஒரு வேலையைத் தள்ளிப்போட்டது அதுதான் முதல் தடவை. சரி என்று சொல்லிவிட்டு ஓர்வோ தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போனார். ஹில்க்கா ஜாடிக்குள் கரண்டியை விட்டாள். விரல்கள் அதன் காம்பைச் சுற்றி முழுசாக மூடிக்கொண்டன.